பூட்டிக்கொள்ள ஒரு கதவு

“ஒரு ரூம் வாடகைக்கு உண்டு. தனி வாசல். கிச்சன், பாத்ரூம் பொது. வேலைக்குப் போகும் ஒருவர் விரும்பத்தக்கது.” ரொறன்ரோவின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவின் தமிழ்ப் பலசரக்குக் கடைகளின் கண்ணாடிக் கதவுகளில் இந்த மாதிரித் துண்டுகளைக் காணாத நாள் இல்லை. தொலைபேசி எண்ணைக் கீழே வரிசையாக எழுதி, கிழித்தெடுக்க வசதியாக வெட்டி விட்டிருப்பார்கள். இந்த நகரத்துக்கு வந்து இறங்கிய எத்தனையோ தமிழர்களின் முதல் வீடு அப்படிக் கிழித்தெடுத்த ஒரு காகிதத்திலிருந்துதான் தொடங்கியது.

ஸ்கார்பரோவில் உள்ள டோர்செட் பார்க் அப்படிப்பட்ட ஒரு பகுதி. 401 நெடுஞ்சாலைக்குத் தெற்கே, லாரன்ஸ் அவென்யூவுக்கு வடக்கே, கென்னடி வீதியை நடுவில் வைத்துக் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டிய சின்னச் சின்ன பங்களாக்கள், அவற்றின் அடியில் பேஸ்மென்டுகள், பெரிய வீதிகளை ஒட்டி மாடிக் குடியிருப்புகள். 2005-இல் ரொறன்ரோ நகரம் கூடுதல் கவனம் வேண்டிய 13 பகுதிகளைப் பட்டியலிட்டபோது டோர்செட் பார்க்கும் அதில் இருந்தது. 2014-இல் பட்டியலைத் திருத்தி 31 பகுதிகளாக்கியபோது இதன் பெயர் விடுபட்டது. பெயர் போனதோடு வறுமை போய்விடவில்லை.

இங்கே, வருமானம் குறைந்த, எச்.ஐ.வி தொற்றுள்ள ஒருவர் எங்கே குடியிருக்க முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. கனடா முழுவதிலும் ஏறத்தாழ 65,000 பேர் இந்தத் தொற்றோடு வாழ்கிறார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. நம் கோயில் திருவிழாவுக்கு வருகிறார்கள், நம்மோடு ஒரே தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறார்கள், நம் பேஸ்மென்டில் குடியிருக்கிறார்கள். நமக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்ளவே அவர்களுடைய பாதிச் சக்தி போகிறது.

மருந்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மக்கள் மனதில் இருப்பது இன்னும் எண்பதுகளின் எயிட்ஸ்தான். இன்று பெரும்பாலானோர் நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை எடுக்கிறார்கள். ஒழுங்காக எடுத்தால் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம்கூட மற்றவருக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வு 2016-இலும், அதன் இரண்டாம் கட்டம் 2019-இலும் இதை உறுதிசெய்தன. ஆயிரத்துக்கும் அதிகமான ஜோடிகளைப் பின்தொடர்ந்தும், மருந்தால் வைரஸ் கட்டுப்பட்டிருந்த துணையிடமிருந்து ஒரு தொற்றைக்கூட ஆய்வாளர்களால் காண முடியவில்லை. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலோ, ஒரே கழிப்பறையைப் பாவிப்பதாலோ தொற்றாது என்பது நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம்.

தெரிந்திருந்தும் சமையலறைக்கு வந்தால் பயம் விடுவதில்லை. நம்மவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ரொறன்ரோவின் எச்.ஐ.வி வைத்தியசாலையான கேசி ஹவுஸ் 2017-இல் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. எச்.ஐ.வி உள்ளவர் சமைத்தது என்று தெரிந்தே சாப்பிடத் தயாராக இருந்தவர்கள் கனேடியர்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான். அதற்குப் பதில் சொல்வதுபோல் அந்த வைத்தியசாலை ஒரு தற்காலிக உணவகத்தையே திறந்தது. சமைத்தவர்கள் எல்லோரும் எச்.ஐ.வி உள்ளவர்கள். நகரத்து மக்கள் பணம் கொடுத்து வந்து சாப்பிட்டார்கள்.

ஆனால் அது ஒருசில இரவுகளின் உணவகம். பேஸ்மென்டில் சமையல் தினமும் நடக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் மேல்தட்டு ஒருவருக்கு, கீழ்தட்டு இன்னொருவருக்கு என்று டேப்பில் பெயர் எழுதி ஒட்டிய வீடுகள் எத்தனை! அங்கே ஒருவருடைய மாத்திரைக் குப்பி மற்றவர் கண்ணில் படாமல் எங்கே இருக்க முடியும்? குப்பியில் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், எழுதிக்கொடுத்த வைத்தியரின் பெயர் எல்லாம் அச்சாகியிருக்கும். கைத்தொலைபேசியில் மருந்தின் பெயரைத் தட்டினால் இரண்டு நொடியில் விஷயம் வெளியாகிவிடும். அதனால் சீட்டைக் கிழித்துவிட்டு வைப்பவர்கள் உண்டு. விற்றமின் குப்பிக்கு மாற்றி வைப்பவர்களும் உண்டு. இப்போது பரவலாக எழுதிக்கொடுக்கப்படும் பிக்டார்வி போன்ற மாத்திரைகளை ஈரம் படாமல் அதன் சொந்தக் குப்பியிலேயே வைக்க வேண்டும். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொதி இருக்கும். குப்பியை எடுத்தால் கலகலவென்று சத்தம் போடும். மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தச் சத்தம் கேட்குமோ என்று அஞ்சி ஒரு நாள் விட்டால், மறுநாள் விடுவது சுலபமாகிவிடும். அப்படி அடிக்கடி விடுபட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகி எதிர்ப்பைப் பெறக்கூடும்.

மருந்து வேலை செய்ய ஒரு கதவு வேண்டும். உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய கதவு. அதை நான் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன். நான் மட்டும் சொல்லவில்லை. ஒன்ராறியோவில் 2006-இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, எச்.ஐ.வி உள்ள ஏறத்தாழ 600 பேரின் வீட்டு நிலையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. தொற்றுள்ளவர்களே அதில் ஆய்வாளர்களாகப் பங்கெடுத்தார்கள். வீடு நிலையில்லாதவர்களின் உடலும் மனமும் வாழ்க்கைத் தரமும் தாழ்ந்திருந்ததை அது காட்டியது. அமெரிக்கா 1990-லேயே எயிட்ஸ் நோயாளிகளின் வீட்டுக்கென்று தனிச் சட்டம் இயற்றி மத்திய நிதி ஒதுக்கியது. கனடாவில் அப்படி ஒரு தனிச் சட்டம் இன்றுவரை இல்லை.

இனி அந்தப் “பொது” கிச்சனுக்கு வருவோம்.

ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தில் எச்.ஐ.வி, ஊனம் என்ற பிரிவுக்குள் அடங்கும். ஆகவே தொற்று இருப்பதைக் காரணம் காட்டி வீடு மறுப்பதும் வெளியேற்றுவதும் சட்டவிரோதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரரோ அவர் குடும்பமோ அதே வீட்டில் வசித்து, குடியிருப்பவர் அவர்களோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தால், பாகுபாட்டுக்கு எதிரான அந்தப் பாதுகாப்பு கிடையாது. வாடகைக் குடியிருப்புச் சட்டமும் அதே கோட்டைத்தான் போடுகிறது. சமையலறையை வீட்டுக்காரரோடு பகிர்பவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் வாடகையாளரே அல்ல. அவரை வெளியேற்ற முறையான அறிவித்தலோ, வாடகைத் தீர்ப்பாயத்தின் உத்தரவோ தேவையில்லை.

ஒரு குடும்பம் தன் வீட்டுக்குள் யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை மதித்தே அந்த விலக்கு வந்தது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். காசு இருப்பவர் தனி அபார்ட்மென்ட் எடுக்கிறார். முழுப் பாதுகாப்பும் அவருக்குக் கிடைக்கிறது. காசில்லாதவர் வீட்டுக்காரரோடு கிச்சனைப் பகிரும் அறைக்குப் போகிறார். சட்டம் அவரை வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஸ்கார்பரோவில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. பல பேர் அறை அறையாக வாடகைக்கு இருக்கும் வீடுகளுக்கு இங்கே அனுமதியே இருக்கவில்லை. நகரம் முழுவதற்கும் அதைச் சட்டபூர்வமாக்கும் விதி 2024 மார்ச் 31-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அப்படிப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள் வாயைத் திறந்து முறையிட்டால் வீடே மூடப்படும் என்ற பயத்தில் இருந்தார்கள்.

இந்த இடத்தில் இந்தியாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டொக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவில் இந்தத் தொற்றை முதலில் கண்டறிந்தார்கள். அதன்பின் வைத்தியசாலைகளே நோயாளிகளைத் திருப்பியனுப்பிய காலம் நெடுநாள் நீடித்தது. அந்த நாடு 2017-இல் ஒரு எச்.ஐ.வி சட்டத்தை இயற்றியது. 2018 செப்டெம்பரில் அது அமுலுக்கு வந்தது. வாடகைக்கு வீடு பெறுவதில் பாகுபாடு காட்டுவதை அது தடைசெய்கிறது. குடும்பமாகச் சேர்ந்து வாழும் வீட்டிலிருந்தோ அதன் ஒரு பகுதியிலிருந்தோ தொற்றுள்ளவரை ஒதுக்கக் கூடாது, அங்குள்ள வசதிகளைப் பாவிக்க விடாமல் தடுக்கக் கூடாது என்றும் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. எழுத்தில் உள்ளது எவ்வளவு நடைமுறையில் இருக்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் சமையலறையில்தான் ஒதுக்கல் நடக்கிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். ஒன்ராறியோ வேர்க்ஸ் உதவியில் இருக்கும் தனி ஆளுக்கு மாதம் 733 டொலர். அதில் வாடகைக்கு என்று 390. 2018-க்குப் பிறகு இந்தத் தொகை அசையவில்லை. ஊனமுற்றோர் உதவித் திட்டமான ஓ.டி.எஸ்.பி.யில் 2025-இல் ஏறத்தாழ 1,400 டொலர். வாடகைப் பங்கு 600 டொலரைத் தொடவில்லை. இந்த நகரத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு இப்போது கேட்கும் வாடகை 2,000 டொலருக்கு மேல். ஸ்கார்பரோவில் ஒரு தனி அறையே எழுநூறு எண்ணூறுக்குக் கீழே கிடைப்பது அரிது.

இந்த இரண்டு உதவிகளுக்கும் இடையில் ஒரு பொறி இருக்கிறது. ஓ.டி.எஸ்.பி. கிடைக்க நோயின் பெயர் மட்டும் போதாது. அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகத் தடுக்கும் குறைபாடு, ஓர் ஆண்டாவது நீடிக்கக்கூடியது, என்று நிரூபிக்க வேண்டும். மருந்து நன்றாக வேலை செய்தால் இரத்தப் பரிசோதனை நல்லதாக வரும். அப்போது விண்ணப்பம் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். களைப்பும் மனச்சோர்வும் தூக்கமின்மையும் இரத்தப் பரிசோதனையில் தெரிவதில்லை. நகரத்தின் மானிய வீடுகளிலும் இதே கதைதான். ஆயுள் முடியும் தறுவாயில் உள்ளவர்களுக்கு அங்கே முன்னுரிமை உண்டு.  மருந்து எடுக்கும் எச்.ஐ.வி உள்ளவர்கள் இப்போது அந்தத் தறுவாயில் இல்லை. அதனால் 80,000-க்கும் அதிகமான பெயர்கள் உள்ள பொதுவரிசையில் நிற்கிறார்கள். ஒற்றைப் படுக்கையறைக்குப் பத்து ஆண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். உயிரோடு இருப்பதற்காக ஒருவர் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுவது எந்த நியாயத்தில் சேரும்?

மருந்துச் செலவைப் பொறுத்தவரை இந்த மாகாணத்தில் வழி இருக்கிறது. மாதம் ஆயிரம் டொலரைத் தாண்டும் மாத்திரைகளை, இந்த உதவித் திட்டங்களில் இருப்பவர்களுக்கு அரசு கொடுக்கிறது. வேலை செய்பவர்களுக்கு, வருமானத்துக்கு ஏற்ப ஒரு பங்கைச் செலுத்திய பின் மாகாணத்தின் ட்ரிலியம் மருந்துத் திட்டம் பொறுப்பேற்கிறது. அகதிக் கோரிக்கையாளர்களுக்கு மத்திய அரசின் இடைக்கால மருத்துவத் திட்டம் உண்டு.

ரொறன்ரோவில் வீட்டுக்கான போராட்டம் எண்பதுகளின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. பத்திரிகையாளர் ஜூன் கோல்வுட், மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த தன் மகன் கேசியின் பெயரில், 1988-இல் மற்றவர்களோடு சேர்ந்து கேசி ஹவுஸைத் தொடங்கினார். இறக்கும் நிலையில் இருந்தவர்களைத் தொட்டுக் கவனிக்க ஒரு இடம் வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. 1991-இல் இளவரசி டயானா அங்கே வந்து நோயாளிகளோடு உட்கார்ந்து பேசினார். அதே 1988-இல் தொடங்கிய ஃபைஃப் ஹவுஸ், வாழ்வதற்கான வீட்டைத் தந்தது: சொந்த அறை, அருகில் ஒரு உதவியாளர், தேவையான அளவுக்கு மட்டும் கவனிப்பு. இன்றும் அந்த வேலையைச் செய்துவருகிறது.

நம்மவர்களுக்கான கதை 1989-இல் தொடங்குகிறது. ஆங்கிலம் சரிவரத் தெரியாத ஒரு தெற்காசிய இணையர், தங்கள் மொழியில் ஒரு வார்த்தை ஆறுதலோ உதவியோ கிடைக்காமல் இந்த நகரத்தில் எயிட்ஸால் இறந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட குஷ் என்ற தெற்காசிய ஓரினச் சேர்க்கையாளர் அமைப்பைச் சேர்ந்தவர்கள் கூடித் தொடங்கியதுதான், அசாப் என்று அறியப்படும் தெற்காசிய எயிட்ஸ் தடுப்புக் கூட்டமைப்பு. சமூகம் யாரை ஒதுக்கி வைத்ததோ, அவர்கள்தான் சமூகத்தில் யாரும் தொடாதவர்களுக்காக முதலில் வந்து நின்றார்கள். அதற்கு நாம் இன்னும் உரிய நன்றி சொல்லவில்லை. தமிழிலும் சேவை வழங்கும் அமைப்பு அது.

தமிழில் பேச ஒருவர் கிடைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மொழிபெயர்ப்பாளர் வந்தவுடன், “நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டுவிட்டால் போதும். வடமராட்சி என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்தக் குறிச்சி என்பது. மூன்றாவது கேள்வியில் உறவுமுறை வந்துவிடும். அதன்பின் நோயாளி வாயைத் திறக்கமாட்டார். இதனாலேயே பலர் டோர்செட் பார்க்கில் சேவை வந்தாலும் நகர மையத்துக்கே போக விரும்புவார்கள். அங்கே தமிழர் கண்ணில் படமாட்டோம் என்ற நிம்மதி. போவதும் சுலபமில்லை. லாரன்ஸ் ஈஸ்ட் நிலையத்தில் ஏறி கென்னடிக்கு வர உதவிய மூன்றாம் பாதை ரயில், 2023 ஜூலையில் தடம்புரண்ட பின் நிரந்தரமாக நின்றுவிட்டது. இப்போது பஸ், பிறகு சுரங்க ரயில், பிறகு நடை. பனிக்காலத்தில், உடம்புக்கு முடியாத நாளில், வேலையில் லீவு கேட்டுப் போக வேண்டும். என்ன லீவு என்று மேற்பார்வையாளர் கேட்டால் அதற்கும் ஒரு பொய் தேடவேண்டும்.

பெண்களின் நிலை இதிலும் பாரமானது. கனடாவில் 2002 முதல் குடிவரவு மருத்துவப் பரிசோதனையில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்கும் எச்.ஐ.வி சோதனை உண்டு. தனக்குத் தொற்று இருப்பதை ஒரு பெண் அந்தச் சோதனையின் முடிவில்தான் முதன்முதலாக அறியக்கூடும். கணவனிடமிருந்து வந்திருந்தாலும் குற்றம் அவள் தலையில்தான் விழும். வீட்டை விட்டுப் போ என்று மாமியார் வீட்டில் சொன்னால் எங்கே போவாள்? இங்கே பல பெண்களுக்குத் தெரியாத இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். நிரந்தர வதிவிட உரிமை பெற்றுவிட்ட பெண், கணவனை விட்டுப் பிரிவதால் அந்த உரிமையை இழக்கமாட்டாள். இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ வேண்டும் என்றிருந்த நிபந்தனை 2017-இல் நீக்கப்பட்டது. வீட்டு வன்முறையிலிருந்து வெளியேறுபவர்களுக்கு மானிய வீட்டு வரிசையில் விசேட முன்னுரிமை உண்டு.

வரும் ஆண்டுகளில் இன்னொரு தேவை பெரிதாகும். மருந்தால் பிழைத்தவர்கள் இப்போது முதுமையை எட்டுகிறார்கள். நீரிழிவு, இதயநோய், மறதி எல்லாம் வந்து சேரும். அவர்களை ஏற்கும் முதியோர் இல்லம் வேண்டும். தமிழ்ச் சாப்பாடும் தமிழ்ப் பேச்சும் உள்ள, அதே சமயம் ஊர்க்கதை பேசாத பணியாளர்கள் உள்ள இல்லம். அதைப் பற்றி நம் சமூகத்தில் இன்னும் யாரும் பேசத் தொடங்கவில்லை.

என்ன செய்யலாம்? எச்.ஐ.வி உள்ளவர்களுக்கென்றே பெயர்ப்பலகை போட்ட ஒரு கட்டடத்தை ஸ்கார்பரோவில் எழுப்புவது என் முதல் விருப்பம் அல்ல. அந்த வாசலில் நுழைவதே ஒரு அறிவிப்பாகிவிடும். ஆளோடு சேர்ந்து போகும் வாடகை மானியம்தான் இங்கே பொருந்தும். கனடா–ஒன்ராறியோ வீட்டு மானியம் 2020 முதல் இருக்கிறது. பணம் குடியிருப்பவர் கைக்கு வருவதால், எந்த மாடிக் குடியிருப்பிலும், எந்தத் தனி பேஸ்மென்டிலும் மற்றவர்களோடு மற்றவராக வாழலாம். அதன் இடங்கள் போதவில்லை. அதைப் பெருக்க வேண்டும், அதோடு வாரம் ஒரு முறை வந்து பார்க்கும் ஓர் உதவியாளரையும் இணைக்க வேண்டும் என்று நம் நாடாளுமன்ற, மாகாண, நகரசபை உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும். ஸ்கார்பரோவில் தமிழ் வாக்கின் பலம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம்மாலும் முடியும். லான்ஸ்டவுன் பக்கம் வேட் அவென்யூவில் தமிழ்க் கூட்டுறவு இல்லம் நிற்கிறது. வீடு கட்டத் தெரிந்த சமூகம் இது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு மூன்று மில்லியன் டொலரை 2021-இல் நிறைவு செய்தோம். ஸ்டெயின்ஸ் வீதியில் அமையவிருக்கும் தமிழ்ச் சமூக மையத்துக்கு அரசுகளின் நிதியையும் கேட்டுப் பெற்றோம். அந்த மையத்தில் இந்த நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஒரு அறை இருக்க வேண்டும். அடுத்த கூட்டுறவு இல்லம் கட்டும்போது சில வீடுகளை, யாருக்கு என்று வெளியில் தெரியாத வகையில், இப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்க வேண்டும்.

பேஸ்மென்ட் வைத்திருக்கும் வீட்டுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிந்தால் கீழே ஒரு சின்னச் சமையலறையையும் குளியலறையையும் முறையான அனுமதியோடு தனியாக அமையுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் கொடுங்கள். அறைக்குப் பூட்டுப் போடுங்கள். தபாலைப் பிரிக்காமல் கொடுங்கள். குடியிருப்பவர் என்ன மாத்திரை எடுக்கிறார் என்பது உங்களுக்குத் தேவையற்ற விஷயம். அதனால் உங்கள் பிள்ளைகளுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

தொற்றோடு வாழ்ந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: வீட்டுக்காரரிடமோ, அறையில் கூட இருப்பவரிடமோ உங்கள் நிலையைச் சொல்ல வேண்டிய கடமை எந்தச் சட்டத்திலும் இல்லை. பாலியல் துணையிடம் சொல்வது பற்றிய சட்டம் வேறு. அதற்கும் வாடகைக்கும் தொடர்பில்லை. ஒன்ராறியோவில் எச்.ஐ.வி உள்ளவர்களுக்கென்றே, ஹால்கோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சட்ட உதவி மையம் 1995 முதல் இயங்குகிறது. வீடு, உதவித்தொகை, குடிவரவு மூன்றிலும் இலவசமாக ஆலோசனை தருவார்கள். அறையைக் காலி செய் என்று யாராவது சொன்னால், பெட்டியைக் கட்டுவதற்கு முன் அவர்களை அழைத்துப் பேசுங்கள்.